வேறு லைனில் மாட்டிப் பார்

விஜயநகர், மைசூர்
3 ஜூன் 2024

சௌபாக்கியவதி தன்மயிக்கு அப்பா நரசிம்மமூர்த்தி ஆசீர்வாதம். இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். என் கோபம்தான் தலைக்கு மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நீ, கவின்ராஜ், உன் மாமியார் சித்தம்மா எல்லாரும் எப்படி என்று எழுது.

ஒரு வாரமாகச் சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா முகம் வரவில்லையே என்று பயந்திருப்பாய். கிழவன் போய்விட்டானோ என்றுகூட நினைத்திருப்பாய். போகவில்லை. போனது இன்டர்நெட். உன் அண்ணன் வேதாந்த் புனேயில் இருந்துகொண்டே பழைய இணைப்பை எடுக்கச் சொல்லி ஃபைபர் போட வைத்தான். இரண்டு பேர் வந்தார்கள், சுவரில் ஓட்டை போட்டார்கள், நான்கு கொம்பு முளைத்த ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள். அம்மா போனில் வருகிறது. டிவியில் வருகிறது. என் கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லை. கேட்டால் ஒருத்தன், 'ஹளேது சார், பிசாகி' என்று, பழசாம், எறியச் சொல்லிக் கையைக் காட்டுகிறான். அவனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

அது இல்லாமல் எனக்கு என்ன இருக்கிறது, சொல். காது போன பிறகு போன் எனக்கு ஒரு சோப்பு டப்பா. முப்பது வருஷம் டெலிபோன் இலாகாவில் ஊரார் பேச்சுக்கெல்லாம் கம்பி இழுத்தவனுக்கு இந்தக் கதி. காதில் மெஷின் வைத்தாலும் இரைச்சல்தான். உன் அம்மா பேசினால் உதட்டைப் பார்த்துப் பாதி புரியும். கோபமாகப் பேசினால் அதுவும் கிடையாது. நீ ஒருத்திதான் பெரிய திரையில் முகத்தை நேராகக் காட்டி, நம் ஆத்துத் தமிழை நிதானமாகப் பேசுவாய். ஒரு சொல் விடாமல் படித்துவிடுவேன். இப்போது அந்தப் பழக்கமே விட்டுப்போய்விடுமோ என்று இருக்கிறது.

உன் கல்யாணத்தின்போது, நான் அங்கே வருவதில்லை, நீ இங்கே வருவதில்லை என்று உன் அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். கம்ப்யூட்டரில் பேசமாட்டேன் என்று ஒப்புக்கொள்ளவில்லை. அவளும் கேட்கவில்லை. அவளுக்குக் கவின்ராஜ் இன்னும் 'அந்தப் பைப்புக் கடை'தான். ஆனால் ஆறு அடித்தால் யோகநரசிம்மர் கோயிலுக்குக் கிளம்பிவிடுவாள். இப்போதும் கிளம்புகிறாள். நான் திரைக்கு முன்னால் வெறுமனே உட்கார்ந்திருக்கிறேன். திறந்ததும் 'தன்மயி, வருக' என்கிறது. நீ காலேஜ் படிக்கும்போது வைத்த பெயர், நான் மாற்றவில்லை.

கம்ப்யூட்டர் படித்தவள் நீ. என்ன செய்யணும் என்று ஒன்றுவிடாமல் எழுது. உடனே எழுது.

அப்பா


ஹனூர்
8 ஜூன் 2024

அப்பாவுக்கு அடியேன் தன்மயி தெண்டனிட்டு எழுதுவது. இங்கே மூவரும் நலம். அப்பாடா, உங்கள் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சே வந்தது. அதற்கு முன்னால் அம்மா போனுக்கு அடித்தேன். 'அப்பா நன்னா இருக்கார்' என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். வைப்பதற்குள் இருமினாள். மாத்திரை வாங்கிக் கொடுங்கள்.

கம்ப்யூட்டருக்குப் பின்னால் சொருகியிருக்கிறதே, வை-ஃபை குச்சி, அது பழசு. புதுப் பெட்டி இரண்டு பெயரில் அலை விடும். 5 என்று முடிகிற பெயர் வேகமானது. நம் குச்சியின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. வந்தவர்கள் அந்தப் பெயரைத்தான் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள், நீங்களும் அதையே தேடிக்கொண்டு இருப்பீர்கள். 5 இல்லாத பெயரை அமுக்குங்கள். பாஸ்வேர்டு கேட்கும். கொடுத்தால் சேர்ந்துவிடும்.

சீக்கிரம் செய்யுங்கள் அப்பா. ஒரு சேதி இருக்கிறது. கடிதத்தில் எழுதமாட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்து என் வாயால் சொல்லணும், நீங்கள் படிக்கணும். சித்தம்மா அத்தை என்னைக் குடம் தூக்க விடுவதில்லை என்பதை மட்டும் இப்போதைக்கு எழுதிவைக்கிறேன்.

கவின்ராஜ் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

தன்மயி


மைசூர்
15 ஜூன் 2024

தன்மயிக்கு ஆசீர்வாதம். குடம் தூக்க விடவில்லை என்றால் என்ன, இடுப்புப் பிடிப்பா? சுளுக்கா? தைலம் தடவு. அலட்சியம் செய்யாதே.

நீ சொன்ன பெயர் வந்தது. பாஸ்வேர்டு கேட்டது. வேதாந்த் வைத்தது என்னவென்று உன் அம்மாவைக் கேட்டேன். 'நம்ம செல்லப்பிள்ளை பேர்தான்னா! பெருமாள் பேரைக்கூடவா மறந்துட்டேள்?' என்று ஒரு சாத்து சாத்தினாள். சரி, மேல்கோட்டைப் பெருமாள் ஆச்சே, எடுத்த எடுப்பில் வழிவிடுவார் என்று செல்லப்பிள்ளை என்று அடித்தேன். தப்பு என்றது. ஒற்றை எல் போட்டேன், தப்பு. இரட்டை எல், இரட்டைப் பி, பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எல்லாம் தப்பு. திருநாமத்தைச் சொல்லச் சொல்லத் தப்பு தப்பு என்கிறது இந்தச் சனியன்! ஓங்கி ஒரு குத்து விட்டேன். கீபோர்டில் ஒரு பொத்தான் தெறித்து அலமாரிக்கு அடியில் ஓடிவிட்டது. குப்புறப் படுத்து எடுத்தேன். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினாள்.

என்னமோ சேதி என்கிறாய், சொல்லமாட்டேன் என்கிறாய். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. சேதி நல்லதுதானே?

அப்பா


ஹனூர்
22 ஜூன் 2024

அப்பாவுக்கு நமஸ்காரம். நல்ல சேதிதான், தூங்குங்கள். இடுப்புப் பிடிப்பும் இல்லை, சுளுக்கும் இல்லை. அம்மாவிடம் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள்.

உங்கள் கடிதத்தைக் கவின்ராஜிடம் படித்துக் காட்டினேன். 'மாமா குத்துன குத்துல பொட்டி பொழச்சதே பெரிசு' என்று சிரிக்கிறார். தப்பு பெருமாளிடம் இல்லை அப்பா. அம்மாவுக்கு அவர் செல்லப்பிள்ளை. வேதாந்த் கன்னட மீடியத்தில் படித்தவன். வெளியில் செலுவநாராயண என்றுதான் சொல்வான். அம்மாவிடம் அவன் அதைத்தான் சொல்லியிருப்பான், அவள் காதில் செல்லப்பிள்ளை என்று விழுந்திருக்கும். ஒரே ஆள், ஆத்தில் ஒரு பெயர், வெளியில் ஒரு பெயர். 'எஸ்' வேண்டாம், 'சி ஹெச்' போடுங்கள். லகரத்துக்கும் வகரத்துக்கும் நடுவில் ஒரு 'யு'. எல்லாம் சின்ன எழுத்து.

இன்னொன்று. திரையின் மூலையில் தேதி சரியாக இருக்கிறதா பாருங்கள். உள்ளே இருக்கிற பாட்டரி செத்திருந்தால் தேதி பின்னால் போய்விடும், அப்போது எந்தப் பக்கமும் திறக்காது.

நாளைக்கே ஆறு மணிக்கு உட்காருவேன். தினமும் உட்காருவேன்.

தன்மயி


மைசூர்
1 ஜூலை 2024

தன்மயிக்கு ஆசீர்வாதம். உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே அம்மாவின் இருமல் தேவலை.

செலுவநாராயண வழிவிட்டார். சேர்ந்தது என்று வந்தது, சிக்னல் பட்டை நான்கும் முழுசாக நின்றன. எழுந்து நின்று கை தட்டினேன். தேதி 2009 என்று இருந்தது, அதையும் சரிசெய்தேன். ஆறு மணிக்கு உன்னைக் கூப்பிட்டேன். ஒன்றும் வரவில்லை. செய்தி வரவில்லை, பாட்டு வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. சேர்ந்திருக்கிறது, ஆனால் வரவில்லை. இது என்ன அக்கிரமம்?

எங்கள் இலாகாவில் நாங்கள் சொல்வதுண்டு. டயல் டோன் இருந்து கால் போகவில்லை என்றால் கம்பியைத் திட்டாதே, எக்ஸ்சேஞ்சில் யாரோ கை வைத்திருக்கிறான். போன் மேல் சந்தேகமா, அதைக் கழற்றி வேறு லைனில் மாட்டிப் பார். இந்த வீட்டில் வேறு லைனுக்கு நான் எங்கே போவேன்?

இங்கே எக்ஸ்சேஞ்ச் யார் தெரியுமா? வேதாந்த். பழைய பெட்டியானாலும் இந்த வெள்ளைப் பெட்டியானாலும், எது எது எப்போது சேர்ந்திருக்கிறது என்று புனேயிலிருந்தே அவன் போனில் தெரியுமாம். உன் அம்மா பெருமையாகச் சொன்னாள். அவனைக் கேட்கலாம். ஆனால் உன்னோடு பேசத்தான் இது என்று தெரிந்தால் குதிப்பான். உன் பெயரை எடுத்தாலே சாப்பாட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போகிறவன். அவனைக் கேட்கட்டுமா, வேண்டாமா? நீயே சொல்.

அப்பா


ஹனூர்
9 ஆகஸ்ட் 2024

அப்பாவுக்கு நமஸ்காரம். பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் போகிற ஸ்கூலில் வேலை அதிகம். எல்லாரும் நலம்.

விட்டுவிடுவோம் அப்பா. அது பழசு. வேதாந்தை ஒன்றும் கேட்கவேண்டாம். இதை மட்டும் எனக்காகச் செய்யுங்கள், அவனைக் கேட்காதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கவின்ராஜ் ஒன்று சொன்னார். அது இருக்கட்டும்.

மாதம் ஒரு கடிதம் நான் எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள். சேதியையும் இதிலேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை.

தன்மயி


மைசூர்
16 ஆகஸ்ட் 2024

சிரஞ்சீவி வேதாந்துக்கு அப்பா ஆசீர்வாதம். நீயும் உன் ஆத்துக்காரியும் சௌக்கியமாக இருக்கணும்.

நீ போட வைத்த ஃபைபரில் ஊர் உலகமே பேசுகிறது. என் கம்ப்யூட்டர் மட்டும் பேசவில்லை. ஜூன் மாதத்திலிருந்து தலையை உடைத்துக்கொள்கிறேன். பாஸ்வேர்டு சரி, தேதி சரி, பட்டை சரி. கேட்கவேண்டாம் என்று ஒருத்தர் எனக்குச் சொன்னார். எதற்காகக் கேட்கக் கூடாது? என் வீடு, என் சுவர், என் கம்ப்யூட்டர். அதற்குள் என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று என்னிடம் சொல். அம்மாவிடம் போனில் சொல்லாதே. அவள் சொல்வது எனக்கு ஒழுங்காகப் புரிவதில்லை. எழுத்தில் எழுது.

அப்பா


புனே
28 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அப்பாவுக்கு வேதாந்தின் நமஸ்காரம். இங்கே இருவரும் நலம். எனக்குத் தமிழ் எழுத வராது என்பது உங்களுக்குத் தெரியும். போனில் பேசி, அது எழுதியதைப் பிரின்ட் எடுத்து அனுப்புகிறேன்.

கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு. அதை இனிமேல் எதற்கும் இணைக்கக்கூடாது, ஆபத்து. காயலான் கடைக்குப் போடுங்கள். தீபாவளிக்கு வரும்போது ஒரு டேப்லெட் வாங்கி வருகிறேன். லைனில் ஒரு குறையும் இல்லை. வேண்டாத பெயர்களை எல்லாம் நீக்கி நானே சுத்தமாக வைத்திருக்கிறேன்.

கேட்டதால் இதையும் சொல்கிறேன். நான் ஊரில் இல்லாதபோது சாயங்காலத்தில் நம் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அம்மா கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து வருவதும் தெரியும். அம்மாவை ஏமாற்றாதீர்கள். நான் யாரிடமும் சண்டை போடவில்லை. சாத்தவேண்டியதைச் சாத்திவிட்டேன், அவ்வளவுதான்.

வேதாந்த்


மைசூர்
4 செப்டம்பர் 2024

தன்மயிக்கு ஆசீர்வாதம். உன் அண்ணன் எழுதியிருக்கிறான். சாயங்காலத்தில் நம் வீட்டுக்கு யாரோ வந்து போகிறார்களாம், நான் அம்மாவை ஏமாற்றுகிறேனாம். எந்த மடையன் வருகிறான் இங்கே? காது கேட்காத கிழவனைப் பார்க்க யாருக்கு வேலை இல்லை? வாசித்ததிலிருந்து ரத்தம் கொதிக்கிறது. அவன் விடு என்கிறான், நீயும் விடு என்கிறாய். இரண்டு பேரும் எதையோ மறைக்கிறீர்கள். எனக்குக் காதுதான் போயிற்று, மூளை போகவில்லை.

இங்கே வேறு லைன் இல்லை. அங்கே இருக்கிறது. கம்ப்யூட்டர் பெட்டியைப் பழைய போர்வையில் கட்டிவிட்டேன். திரையை விட்டுவிட்டு வருகிறேன், அது கனம். நான் வருவதில்லை என்றுதான் உன் அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். கம்ப்யூட்டர் வருவதில்லை என்று ஒப்புக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் வருகிறது. அதைத் தூக்கிக்கொண்டு எவனாவது ஒருத்தன் வந்துதானே ஆகணும்.

அப்பா


ஹனூர்
9 செப்டம்பர் 2024

வேதாந்துக்கு அப்பா எழுதுவது. ஆசீர்வாதத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன், முழுதும் படித்தால் கிடைக்கும்.

நான் உன் தங்கை வீட்டில் இருக்கிறேன். மைசூரிலிருந்து கொள்ளேகால், அங்கிருந்து ஹனூர், வழி முழுக்கப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டு வாயை வாயைத் திறந்தான். காது கேட்காது என்று கையைக் காட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வந்து இறங்கியதும், 'இதை மாட்டு, மற்றதெல்லாம் அப்புறம்' என்றேன். சித்தம்மா டம்ளரோடு முன்னால் வந்து நின்று, 'ஏனுங்க, மொதல்ல மோரு குடிங்க, பொட்டி எங்கீம் ஓடிப்போயிராது' என்றாராம். தன்மயி எனக்கு உதட்டில் சொன்னாள். குடித்தேன். கவின்ராஜ் தன் கடையில் பில் போடுகிற திரையைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டினான். மறுபடி 2009க்குப் போயிருந்த தேதியைச் சரிசெய்துவிட்டு, இந்த வீட்டுப் பாஸ்வேர்டை அடித்தேன்.

வந்துவிட்டது. முதல் தடவையிலேயே, எல்லாம் வந்துவிட்டது. நீ காயலான் கடைக்குப் போடச் சொன்ன பெட்டி! போன் நல்ல போன், கோளாறு எக்ஸ்சேஞ்சில் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கவின்ராஜ் தன் போனை எடுத்து, அவன் வீட்டுப் பெட்டியில் சேர்ந்தவை எவை என்று காட்டினான். அவன் போன், அவன் அம்மா போன், தன்மயியின் போன். கடைசியில் புதிதாக இன்னொரு தன்மயி. 'பொட்டிக்கும் எங்கூட்டுக்காரி பேருதானுங்களா?' என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. காலேஜில் அவள் வைத்த பெயர். நான் தினமும் பார்க்கிற பெயர். பழைய பெட்டி இருந்தபோது உன் போனிலும் தினமும் அந்தப் பெயர்தானே வந்தது? சாயங்காலம் ஆறு மணிக்குத் தன்மயி, அம்மா கோயிலுக்குப் போன நேரம் தன்மயி. உன் தங்கை திருட்டுத்தனமாகப் பிறந்த வீட்டுக்கு வந்து போகிறாள் என்று நினைத்தாய். புதுப் பெட்டியில் சேர்ந்ததுமே அந்தப் பெயரை வெட்டினாய். அடேய், நான்கு வருஷமாக அவள் மைசூர் பஸ்ஸே ஏறவில்லை. அது நான். அங்கே உட்கார்ந்திருந்தது நான். நீ வெட்டினது என் வாயையும் காதையும்.

நிறுத்தியது நீதான் என்று கவின்ராஜ் யூகித்துச் சொல்லி, அவளுக்கு ஜூலை மாதமே தெரிந்துபோயிற்றாம். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கத்தினேன். 'என்னால இந்த ஆத்துல ஒரு சண்டை போறும்ப்பா' என்றாள். உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று ஒரு மாதம் பதில் எழுதாமல் இருந்திருக்கிறாள். யாருக்காக? உனக்காக!

நேரில் சொல்ல அவள் ஒரு சேதி வைத்திருந்தாள். வாசலில் நின்றவளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஐந்தாம் மாதம். ஆனாலும் என்னை உட்கார வைத்து, எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். ஒரு சொல் விடாமல் படித்தேன். பழக்கம் விட்டுப்போகவில்லை.

அந்தப் பெயரைத் திறந்துவிடு. திறக்கிற வரைக்கும் நான் இங்கேதான். ஆசீர்வாதம்.

அப்பா


விஜயநகர், மைசூர்
17 செப்டம்பர் 2024

தன்மயிக்கு அம்மா அம்புஜவல்லி எழுதுவது. தமிழ் படித்துவிடுவேன், எழுதத்தான் தடுமாறும், அதனால் கன்னட எழுத்தில் எழுதியிருக்கிறேன், கூட்டிப் படித்துக்கொள். சௌக்கியமா என்று கேட்பது முறை. கேட்டாயிற்று.

ஆளாளுக்குக் கடிதம் எழுதினீர்களே, என்னிடம் ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டீர்களா? வந்ததையும் அனுப்பப்போகிறதையும் கீபோர்டுக்கு அடியில் வைத்தால் ஒளித்துவிட்டதாக உன் அப்பாவுக்கு நினைப்பு. தூசி தட்டுகிறவள் நான்தானே. குடம் தூக்க விடுவதில்லை என்று நீ ஜூன் மாதம் எழுதினதைப் படித்த அன்றைக்கே எனக்குத் தெரியும். இடுப்புப் பிடிப்பாம், தைலமாம், நன்றாக இருக்கிறது! அன்றையிலிருந்து வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன், எனக்கு யாராவது சொல்வீர்கள் என்று. சொல்லவில்லை. நான் யார், கோயிலுக்குப் போகிறவள்தானே.

பெருமாளை எவ்வளவு நேரம்தான் சேவிக்க முடியும்? நீங்கள் பேசி முடிக்கட்டும் என்று பார்க் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவேன். மழையிலும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த இருமல் எப்படி வந்தது என்று நினைத்தாய்? லைன் போன பிறகும் தினமும் போனேன், இன்றைக்காவது வந்துவிடாதா என்று.

நீ காட்டிக்கொடுக்காத உன் அண்ணன் அப்பாவின் கடிதம் கிடைத்து நேற்று போன் செய்தான், நான் பிடித்துக்கொண்டேன். 'அப்பாவோடதுன்னு சத்தியமா தெரியாதும்மா' என்றான். 'அப்பாவோடது இல்லேன்னா? அவ பேருன்னா வெட்டலாமோ? அவளை வராதேன்னு சொன்னவ நான், பெத்தவ. உனக்கு யார்டா அந்த அதிகாரத்தைக் குடுத்தா?' என்று கேட்டேன். அழுதான். அழட்டும். திறந்துவிட்டானாம்.

மேஜையில் திரை மட்டும் மொட்டையாக நிற்கிறது, பார்க்கவே எரிச்சலாக வருகிறது. பெட்டியைக் கொண்டுவந்து சேருங்கள். உன் அப்பா இனிமேல் அதைத் தொடக்கூடாது, குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்ட உடம்பு. நீயும் தொடாதே. மாப்பிள்ளை தூக்கிக்கொண்டு வரட்டும். வாசலில் இறக்கி வைத்துவிட்டு அப்படியே திரும்புகிற வேலை வேண்டாம் என்று சொல். உள்ளே, உன் அறை மேஜை வரைக்கும் வந்து வைக்கட்டும்.

ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள். அன்றைக்கு நான் கோயிலுக்குப் போகமாட்டேன்.

அம்மா